ஈயத்தாள் கூரை

மாதிரிப் படகு ஒன்று செய்து காட்டினால் என்ன என்று முதலில் கேட்டவர் சட்டத்தரணி லோரன்ஸ். டிக்கோயாக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய அவசரம் அவருக்கும் உண்டு. விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வரப்போகிறார், அவருக்கு வாயால் சொன்னால் விளங்காது, கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்றார். ஹட்டனில் கல்யாண மேடை ஜோடிக்கும் கடையில் இத்தனை வருடமாக வேலை செய்யும் வினோதாவை விட்டால் இதற்கு வேறு யார்? அன்னமும் மயிலும் யானையும் வெட்டி ஒட்டித் தருகிறவளுக்கு ஒரு படகு செய்வது பெரிய காரியமா?

பெரிய காரியம்தான். அசல் படகு கவிழ்ந்து செத்துப்போன ஐந்து பேரில் ஒருத்தி அவளுடைய அம்மா நாகலெட்சுமி. படகை ஓட்டியவன் அவளுடைய தம்பி நிரஞ்சன்.

நடந்தது இதுதான். சங்கிலித்தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பக்கம், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் பாதி அந்தப் பக்கம். றோட்டால் சுற்றிப் போனால் காலை முழுக்க வீணாகிறது என்று தோட்ட நிர்வாகம் ஒரு படகு வாங்கிப் போட்டது. ஒட்டுப்பலகையால் செய்த அகலமான படகு, பின்னால் ஒரு மோட்டார். மழையில் நனைகிறோம் என்று பெண்கள் சண்டை பிடித்ததில், போன வருடம் நான்கு கம்பம் நட்டு மேலே தகரக் கூரையும் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் நிரஞ்சன் கொழுந்துப் பெண்களை ஏற்றிப் போய் அக்கரையில் விடுவான். மாலையில் திரும்பக் கூட்டி வருவான். பங்குனி மாதத்துக் காலை ஒன்றில், காற்றுமில்லை மழையுமில்லை, நடுத் தண்ணீரில் படகு வலது பக்கம் சாய்ந்து அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் இழுத்துக் கவிழ்ந்த படகின் முதுகில் போட்டான். அம்மா கைக்கு அகப்படவில்லை.

பிழைத்து வந்த பெண்கள் பொலிஸில் சொன்னது ஒரே வார்த்தை: திடீரென்று கவிழ்ந்தது. திடீரென்று கவிழ்ந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? காரணம் சொல்ல ஆள் பஞ்சமா நம்மிடையே? முந்தின நாள் மாலை நிரஞ்சனைச் சாராயக்கடைப் பக்கம் கண்டதாகக் கோயில் தலைவர் மாயாண்டி சொன்னார். கண்டதாகச் சொன்னது இரண்டு லயம் தாண்டுவதற்குள் குடித்ததாக மாறியது. மூன்றாவது லயத்தில் அவன் போதையில் படகை வெட்டித் திருப்பியதாகவே பேசிக்கொண்டார்கள். அவனைப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். லோரன்ஸ் பிணையில் எடுத்துவிட்டார். வெளியே வந்தவன் வீட்டை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் வினோதாவைக் கண்டால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். என்னடா நடந்தது என்று அவள் தம்பியிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். “கவுந்திருச்சுக்கா” என்பான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாது.

லோரன்ஸின் கணக்கு வேறு. குற்றம் கூரையில் இருக்கிறது என்றார் அவர். சும்மா இருந்த படகின் தலையில் தகரத்தை ஏற்றி வைத்தது யார்? நிர்வாகம். கூரையோடு அந்தப் படகு நிற்காது என்று காட்டிவிட்டால் நிரஞ்சனின் தலை தப்பும். வினோதாவுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடையில் லீவு சொல்லிவிட்டு, கத்தி, பசை, அடிமட்டம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்குப் பழகிய பொருள் ரெஜிபோம். மேடையில் தெரிகிற தூணும் வளைவும் சிம்மாசனமும் எல்லாம் அந்த வெள்ளைக் கட்டிதான். பார்த்தால் கருங்கல், தூக்கினால் பஞ்சு. ஆகவே முதல் படகை ரெஜிபோம் தகட்டிலேயே வெட்டினாள். நீளம் அகலம் உயரம் எல்லாம் அசலில் பத்தில் ஒன்று. அரை நாளில் முடிந்தது, அழகாகவும் இருந்தது. பீலிக்குப் பக்கத்துத் தொட்டியில் விட்டபோதுதான் வேடிக்கை. படகு தண்ணீரில் இறங்கவே இல்லை, வாத்து மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது. ஆட்களுக்குப் பதிலாக மணல் பொட்டலங்களை வைத்தாள். அப்போதும் அசையவில்லை. படகைக் கையால் அமுக்கிக் கவிழ்த்தால், விட்டதும் பக்கமாக எழும்பி மிதந்தது. பொருளே மிதக்கிற சாதியாக இருந்தால் படகு எப்படி மூழ்கும்? கல்யாண மேடைக்கு எது நல்லதோ அது சாவுக் கணக்குக்கு உதவாது என்று அவள் அன்றைக்குக் கண்டுகொண்டாள்.

அடுத்தது ஹட்டனில் பெயர்ப்பலகை செய்கிறவர்கள் பாவிக்கும் பிளாஸ்டிக் போர்டு. வெட்டச் சுகம், வளைக்கத்தான் முடியாது. படகின் மூக்குப் பக்கம் வளைவு வரும் இடத்தில் அது மடிந்து வெள்ளைக் கோடு விழுந்தது. சுடுதண்ணீரில் காட்டினால் நெளிந்து கோணிக்கொண்டது. பால்சாப் பலகை என்று ஒன்று இருக்கிறது, மாதிரிப் படகு செய்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள் என்று கடை முதலாளி போனில் சொன்னார். ஹட்டனிலும் இல்லை, நுவரெலியாவிலும் இல்லை. கண்டியில் விசாரித்தால் கிடைக்கலாம் என்றார்கள். அதுவும் ரெஜிபோமுக்குத் தம்பிதானே என்று வினோதா விட்டுவிட்டாள். அசல் படகு ஒட்டுப்பலகை என்றால் மாதிரியும் ஒட்டுப்பலகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அசலில் விரல் மொத்தம் இருக்கும் பலகை, பத்தில் ஒன்று ஆகும்போது தடித்த அட்டை அளவுக்கு மெலிய வேண்டும். அவ்வளவு மெல்லிய பலகைக்கு அவள் எங்கே போவாள்?

வீட்டுக்குள்ளேயே இருந்தது. கட்டிலுக்கு அடியில் அம்மா துணி மடித்து வைக்கும் தேயிலைப் பெட்டி. இப்போது தேயிலையைக் கடதாசி மூட்டையில்தான் ஏற்றுகிறார்கள். முந்தியெல்லாம் ஒட்டுப்பலகைப் பெட்டியில் போகும். உள்ளே ஈரம் படாமல் ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். அப்படி மிஞ்சிய பெட்டி ஒன்று. வினோதா அம்மாவின் சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் பெட்டியின் ஆணிகளைக் கழற்றினாள். கை கூசத்தான் செய்தது. நிரஞ்சன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெட்டிப் பலகை மூன்று ஏடு சேர்த்து ஒட்டியது. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து அதில் பலகையை ஊற விட்டாள். பழைய பசை இளகி, ஏடுகள் தாமாகவே பிரிய ஆரம்பித்தன. அவசரப்பட்டு இழுத்தது ஒன்று நெடுகக் கிழிந்தது. அதற்குப் பிறகு ஓர் ஓரத்தில் கத்தியைக் கொடுத்து, சுடுதண்ணீரை ஊற்றி ஊற்றி, தோல் உரிப்பதுபோல் உரித்தாள். உரித்த ஏடுகளைத் துணியில் சுற்றிக் கல் வைத்துக் காய வைத்தாள். வெட்டும்போது மர ஓட்டத்தின் குறுக்கே கத்தி போனால் ஓரம் பிசிறும் என்று கண்டு, கோட்டின் மேல் கம்டேப் ஒட்டி, ஒரே வெட்டாக வெட்டாமல் மெல்ல மெல்லப் பலமுறை கீறி எடுத்தாள். வளைவுக்குக் கேத்தலின் ஆவி போதும். ஆவியில் காட்டிய ஏடு சொன்ன பேச்சுக் கேட்டது. உள்ளே நாலு குறுக்குச் சட்டம், வெளியே இரண்டு கை வார்னிஷ். படகு முடிந்தபோது அது ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, அசலைப் போலவே அகன்று, கொஞ்சம் அவலட்சணமாக இருந்தது. தொட்டியில் விட்டாள். அசல் எவ்வளவு அமிழுமோ அவ்வளவு அமிழ்ந்தது. மேடை ஜோடனையில் அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததே இல்லை. உடனே அந்தச் சந்தோஷத்துக்காகத் தன் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

கூரைதான் பாக்கி. தகரக் கூரைக்குத் தகரம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பால்மா டின் இரண்டைப் பிரித்துத் தட்டி நிமிர்த்தி, கம்பி முனையால் நெளிவு நெளிவாகக் கோடு இழுத்து, நாலு குச்சியில் ஏற்றினாள். மணல் பொட்டலங்களைப் பலகையில் வைத்துத் தொட்டியில் விட்டு, விரலால் லேசாகத் தொட்டாள். படகு வலது பக்கம் சாய்ந்தது, யோசித்தது, குப்புறக் கவிழ்ந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி கவிழ்ந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனில் சொன்னதும் லோரன்ஸ் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியவளுக்கு விடிந்ததும் ஒரு பிசகு தட்டியது. நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை பத்தில் ஒன்றாகாது, ஆயிரத்தில் ஒன்றாகும். மணல் பொட்டலங்களை அப்படிப் பார்த்துத்தான் கட்டியிருந்தாள். கூரையை அப்படிப் பார்க்கவில்லை. தோட்டத்துக் கடையில் தராசைக் கேட்டு நிறுத்தாள். கூரை போட்டவர்கள் சொன்னபடி பார்த்தால், அசல் கூரையும் கம்பமுமாகச் சேர்ந்து இரண்டு ஆள் பாரம்கூட வராது. அவளுடைய பால்மா டின் கூரையோ ஏழெட்டு மணல் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போனது. படகின் உச்சியில் ஏழெட்டுப் பேரை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பார் கவிழ்கிறது என்றால் எந்தப் படகும்தான் கவிழும்.

வினோதா இதை லோரன்ஸிடம் சொன்னாள். யார் அதை நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள், தகரத்துக்குத் தகரம் சரிதானே என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் தம்பிக்காகத்தான் சொன்னார். வினோதாவும் அன்று பகல் முழுக்க அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் பொருளைக் கையில் எடுத்து வேலை செய்கிறவளுக்கு ஒரு சள்ளை உண்டு. தப்பென்று தெரிந்த தகட்டைக் கை திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பத்தில் ஒன்றாக மெலிந்த தகரம் எப்படி இருக்கும்? தாளாகத்தான் இருக்கும். பெட்டியின் உட்புறத்து ஈயத்தாள் இன்னும் சுருட்டி வைத்தபடி இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் நனைத்துக் கடதாசியைத் தேய்த்து எடுத்து, தாளை மட்டும் இரண்டாக மடித்து நெளிவு வைத்துக் கூரை கட்டினாள். நிறுத்தாள். கணக்குக்குச் சரியாக வந்தது.

ஈயத்தாள் கூரையோடு படகு கவிழவில்லை. விரலால் தொட்டாள், ஆட்டினாள், பக்கத்திலிருந்து தண்ணீரை அடித்துப் பார்த்தாள். சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. நூல் கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சட்டென்று வெட்டித் திருப்பினாள். அப்போதும் நிமிர்ந்தது. அப்படியென்றால் கூரையும் கவிழ்க்கவில்லை, நிரஞ்சன் வெட்டித் திருப்பியும் கவிழவில்லை. லயத்தில் பேசியது பொய் என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல், ஆனால் லோரன்ஸ் சொன்னதும் பொய்யாகிவிட்டது. பின்னே எதுதான் கவிழ்த்தது? பொட்டலங்களை எல்லாம் வலது பக்கத்துக்கு நகர்த்தினாள். விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தது, ஆனாலும் நின்றது. கடைசியில், ஏதோ ஒரு எரிச்சலில், ஒவ்வொரு பொட்டலத்துக்கு அடியிலும் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி ஒட்டினாள். உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்ற கணக்கு. விரலால் தொட வேண்டிய தேவையே இல்லாமல் படகு கவிழ்ந்தது.

எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். எழுந்து, ஒரே பக்கமாக வந்திருக்கிறார்கள்.

ஏன் என்று அவள் தொட்டியைப் பார்த்துக் கேட்டாள், நீர்த்தேக்கத்தை நிமிர்ந்து பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது. அணை கட்டித் தண்ணீர் நிறைத்த காலத்தில் பழைய லயமும் அதையொட்டிய மாரியம்மன் கோயிலும் அடியில் போய்விட்டன. புதுக் கோயிலை மேட்டில் கட்டினார்கள். ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிடாத பெண் சங்கிலித்தோட்டத்தில் கிடையாது. கடும் வறட்சி வந்தால் தண்ணீர் வற்றிக் கோபுரத்தின் தலை வெளியே தெரியும். எத்தனையோ வருடத்துக்கு ஒருமுறைதான் அப்படித் தெரியும். இந்தப் பங்குனியில், படகு கவிழ்ந்த அன்றைக்குத்தான் முதலில் தெரிந்தது. இப்போதும் கறுப்பாக ஒரு முனை தெரிந்துகொண்டிருந்தது. அக்கரைக்குப் போகும் படகுக்கு அது வலது கைப் பக்கம்.

அவள் வீட்டுக்குள் போய் நிரஞ்சனின் முன்னால் உட்கார்ந்தாள். கோயிலைப் பார்த்து எழுந்தார்களா என்று மட்டும் கேட்டாள். அவன் அவளைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

“அம்மாதான்க்கா மொதல்ல எந்திரிச்சுது. ‘ஆத்தா வெளிய வந்துட்டா’ன்னு ஒரு சத்தம். அதோட எல்லாரும் எந்திரிச்சு அந்தப் பக்கம் வந்துட்டாங்க. ஒக்காருங்க ஒக்காருங்கன்னு கத்துனேன். மோட்டார் சத்தத்துல யாருக்கும் கேக்கல.”

“இத ஏண்டா பொலிஸ்ல சொல்லல?”

“சொன்னா? நாகலெட்சுமிதான் நாலு உசுர கொண்டு போயிட்டான்னு பேசுவாங்க. செத்தும் அம்மா அந்தப் பேரோட கெடக்கணுமா? என்னைய பேசட்டும். நான் உசுரோட இருக்கேன், தாங்கிக்கிறேன்.”

வினோதா அவனைத் திட்டினாள். கும்பிட்டது குற்றமா, தெய்வத்தைக் கண்டு எழுந்தது கொலையா என்று கேட்டாள். பிழைத்த பெண்கள் ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொருத்தியும் எழுந்திருக்கிறாள். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்தவளைத் தானே தண்ணீரில் தள்ளிய மாதிரி நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள். மூடிய வாய்க்கு ஒரு வடிகால் வேண்டுமே, அதற்கு நிரஞ்சன் அகப்பட்டான். படகைக் காட்டாதே என்று தம்பி கெஞ்சினான். முதலில் எழுந்தது யார் என்று நான் சொல்லமாட்டேன், எல்லோரும் எழுந்தார்கள் என்பதை மட்டும் காட்டுவேன் என்று அவள் சொன்னாள். உண்மை தெரிந்தால் யார் மேலும் குற்றமில்லாமல் போகும் என்று அவள் மனதார நம்பினாள். அப்படி நம்ப அவளுக்கு உரிமை இல்லையா?

பொறியியலாளர் வந்தபோது ஆனி மாதம். மழை பிடித்துக்கொண்டு நீர்த்தேக்கம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கோயிலின் முனை எங்கே என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அவர் நரைத்த தலை, அதிகம் பேசாத சிங்கள மனிதர். படகுத்துறை ஓரத்தில் கல் அடைத்த ஆழமில்லாத தண்ணீரில் வினோதா படகை இறக்கினாள். தோட்டமே குடையும் மழைக்குப் போர்த்திய படங்குமாக வந்து நின்றது. பிழைத்த பெண்கள் ஒரு பக்கம், மாயாண்டி நடுவில், நிரஞ்சன் எல்லோருக்கும் பின்னால்.

அவர் கூரையை விரலால் தொட்டு இது என்ன என்று கேட்டார். வினோதா சிங்களத்தில் விளக்கினாள். அவர் தலையை ஆட்டி, அசல் கூரையைப் போன வாரமே நிறுத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். லோரன்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வினோதா கூரையோடு படகை ஆட்டிக் காட்டினாள், இழுத்துத் திருப்பிக் காட்டினாள். கவிழவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. குடித்துவிட்டு வெட்டித் திருப்பினான் என்ற கதை அந்த இடத்திலேயே செத்தது. மாயாண்டி குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். அவளுக்கு ஒரு கணம் வென்றுவிட்டதுபோல் இருந்தது. பிறகு தீப்பெட்டி வைத்த பொட்டலங்களை எடுத்து வலது பக்கமாக வைத்தாள். படகு கவிழ்ந்தது. பொட்டலங்கள் கல்லுக்கிடையில் ஒவ்வொன்றாக விழுந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விம்முவது கேட்டது.

ஏன் எழுந்தார்கள் என்று பொறியியலாளர் கேட்டார். லோரன்ஸ் அதைப் பெண்களிடம் தமிழில் கேட்டார். வினோதா கோயிலைச் சொன்னாள். பொறியியலாளர் பெண்களைப் பார்த்தார். பெண்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். அதற்குள் நிரஞ்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“நான்தாங்க எந்திரிக்கச் சொன்னேன். எடது பக்கம் தண்ணி கசிஞ்சுச்சு. பயந்துட்டேன். எல்லாரும் எந்திரிச்சு வலது பக்கம் வாங்கன்னு நான்தான் சொன்னேன்.”

பொய் என்று வினோதா சிங்களத்தில் சொன்னாள், தமிழிலும் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது. பொறியியலாளர் நிதானமான ஆள். பெண்களிடமே கேட்டுவிடலாம் என்றார். முன்வரிசையில் நின்றவள் அழகம்மா. பக்கத்து லயத்துக்காரி, நாகலெட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவள். தன் மகள் நிஷாந்தியை அந்தத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தனியாகக் கரை ஏறியவள். அவள் நிரஞ்சனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமாங்க. அந்தத் தம்பிதான் வரச் சொன்னுச்சு.”

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். கோயிலா, அதெல்லாம் ஞாபகமில்லையே என்றாள் ஒருத்தி. இத்தனை மாதம் பூட்டிக் கிடந்த வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. அவர்கள் மனம் கெட்டவர்கள் இல்லை. தூக்க முடியாத ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் வந்து நான் தூக்கிக்கொள்கிறேன் என்றதும் கொடுத்துவிட்டார்கள். பொறியியலாளர் எழுதியதை வாசித்துக் காட்டியதும் நிரஞ்சன் கையெழுத்துப் போட்டான். வழக்கு இனி எப்படிப் போகும் என்பதை லோரன்ஸ் அவளிடம் சொல்லவில்லை. அவர் முகமே சொல்லியது, கொஞ்சக் காலமாவது உள்ளே இருக்க வேண்டி வரும் என்று.

அன்று பின்னேரம் அழகம்மா சோற்றுச் சட்டியோடு வீட்டு முன்புறத்து இஸ்தோப்பில் வந்து நின்றாள். அந்த வீட்டுப் படியை மிதித்து எவ்வளவோ காலம். வினோதா உட்காரச் சொல்லவில்லை. அழகம்மா தானாகவே தரையில் உட்கார்ந்து சட்டியைப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே தடுப்புக்கு அந்தப் பக்கம் நிரஞ்சன் படுத்திருந்தான்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும், வினோதா” என்று அழகம்மா மெதுவாகத் தொடங்கினாள். “தம்பி அம்மாவ நெனச்சுத்தான் அப்பிடிச் சொன்னுச்சுன்னு எனக்குத் தெரியும். அது பின்னாலேருந்து பாத்திருக்கும். நாங்க எல்லாரும் ஒரே நீலத் துணிதானே தலையில கட்டியிருந்தோம். மொதல்ல எந்திரிச்சது ஒங்கம்மா இல்லம்மா. நான். ஒங்கம்மா என் சேலையப் புடிச்சு இழுத்து, ஒக்காருடி ஒக்காருடின்னுச்சு. நான்தான் கேக்கல.”

இதை ஏன் காலையில் அங்கே சொல்லவில்லை என்று வினோதா கேட்டாள். அழகம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பொறியியலாளரின் ஜீப்புக்கு முன்னால் நிறுத்தவேண்டும்போல் ஆத்திரம் வந்தது. ஜீப் எப்போதோ தலவாக்கலையைத் தாண்டியிருக்கும்.

“எம்புள்ள என்னையப் பாத்துத்தான் எந்திரிச்சா” என்றாள் அழகம்மா. “அத என் வாயால எப்பிடிம்மா அங்க சொல்லுவேன்?”

தடுப்பை விலக்கிக்கொண்டு நிரஞ்சன் வெளியே வந்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது. வினோதா எழுந்து அவன் தோளைப் பிடித்தாள். இப்போதே புறப்படு, லோரன்ஸிடம் போவோம், சொன்னதை மாற்றிச் சொல்லலாம், இவளும் வரட்டும், வந்து சொல்லட்டும் என்றாள். அழகம்மா மறுப்புச் சொல்லவில்லை. வரச் சொன்னால் வருவேன் என்பதுபோல் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நிரஞ்சன் குனிந்து அவள் தோளை அமுக்கி மறுபடி உட்கார வைத்தான்.

“அம்மா ஒக்காந்துதான் இருந்திருக்கு” என்றான் அக்காவிடம். மாதக் கணக்கில் அவன் முகத்தில் காணாத ஒரு இளக்கம் அப்போது தெரிந்தது. “அது போதும்க்கா.”

வினோதாவுக்கு அது போதவில்லை. தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தான். அழகம்மா அள்ளி அள்ளிப் பரிமாறியதில் சோறு தட்டுக்கு வெளியேயும் விழுந்தது. அவன் அதையும் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். வினோதா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்து வந்து அழகம்மாவின் முன்னால் வைத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.